அமெரிக்கப் பல்கலை விளையாட்டுத் துறைகளின் பற்றாக்குறை: கணக்கை எந்த வரியிலிருந்து படிப்பது?

#1 மதுரைக்காரன்

லாஸ் ஏஞ்சல்ஸ்ல இருக்கிற கலிஃபோர்னியா பல்கலை (யுசிஎல்ஏ) விளையாட்டுத் துறை 2023-24 நிதியாண்டை 51.8 மில்லியன் டாலர் பற்றாக்குறையோட முடிச்சிருக்கு. ஆறு வருஷத்தைக் கூட்டினா 219 மில்லியனைத் தாண்டுது. அதே வருஷம் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு 37 மில்லியனுக்கு மேல துண்டு. லட்சம் பேர் உட்கார்ற ஸ்டேடியத்தை நிரப்புற பல்கலைக்கே இந்த நிலைமை. இன்னொரு பக்கம் ஆஸ்டின்ல இருக்கிற டெக்சாஸ் பல்கலை 331 மில்லியன் வருமானம் காட்டி, மிச்சமும் காட்டுது.

மூணு விஷயம் தெரியணும். இந்தப் பற்றாக்குறையை நிஜத்துல யார் கட்டுறாங்க? எந்த ஆவணத்தைப் பார்த்தா உண்மை தெரியும்? 2025 ஜூலையிலிருந்து ஆட்டக்காரர்களுக்குப் பல்கலையே நேரடியாப் பணம் கொடுக்குதே, அது எங்கிருந்து வருது?

#2 வரவுசெலவு

ஆவணத்திலிருந்தே தொடங்குகிறேன். அது தெரியாமல் மற்ற இரண்டுக்கும் பதில் சொன்னால் வெறும் அபிப்பிராயமாகத்தான் இருக்கும்.

டிவிஷன் 1-ல் (கல்லூரி விளையாட்டின் மேல் அடுக்கு) இருக்கும் ஒவ்வொரு பல்கலையும் ஆண்டுதோறும் ஜனவரி 15-க்குள் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்புக்கு ஒரு நிதி அறிக்கை கொடுக்க வேண்டும். பெயர் ‘மெம்பர்ஷிப் ஃபைனான்ஷியல் ரிப்போர்ட்’. முந்தைய ஆண்டில் (பெரும்பாலும் ஜூன் 30-ல்) முடிந்த நிதியாண்டின் கணக்கு அதில் இருக்கும். கூடவே வெளி ஆடிட்டர் ஒருவர் ‘அக்ரீட்-அபான் ப்ரொசீஜர்ஸ்’ என்ற சரிபார்ப்பை முடித்து அறிக்கை எழுதுவார். இது முழுத் தணிக்கை கிடையாது. சொன்ன சோதனைகளை மட்டும் செய்து, கண்டதை எழுதுவது. ஆனால் அதன் அடிக்குறிப்புகளில்தான் கடன், பெரிய நன்கொடை, உள் கடன் எல்லாம் வெளியே வரும். அதனால் இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள்.

வருமானப் பக்கத்தில் வரிகளுக்கு (லைன்களுக்கு) எண் உண்டு. 1 டிக்கெட் விற்பனை, 2 மாநில அரசின் நேரடி உதவி, 3 மாணவர் கட்டணம், 4 பல்கலையின் நேரடி மானியம், 5 துறை பல்கலைக்குத் திருப்பிக் கொடுத்தது (கழிக்கவேண்டியது), 6 பல்கலையின் மறைமுக மானியம், 6ஏ விளையாட்டுக் கட்டடக் கடனையும் வாடகையையும் பல்கலை கட்டினால் அது. 7 கேரண்டி தொகை (வெளி மைதானத்தில் போய் ஆட வாங்கும் பணம்), 8 நன்கொடை, 11 டிவி உரிமம், 12 என்சிஏஏ பங்கு, 13 கான்ஃபரன்ஸ் (பல்கலைகள் சேர்ந்து ஆடும் லீக்) பங்கு, 15 ஸ்பான்சரும் லைசென்ஸும்.

செய்ய வேண்டியது ஒரே ஒரு கழித்தல். மொத்த வருமானத்திலிருந்து 2, 3, 4, 6, 6ஏ ஐந்தையும் எடுத்துவிடுங்கள் (5 இருந்தால் 4-உடன் நிகர் பண்ணிக்கொள்ளுங்கள்). மிஞ்சுவதுதான் துறை தானாகச் சம்பாதித்தது.

விளக்கத்துக்காகப் போட்ட கணக்கு இது, எந்தப் பல்கலையுடையதும் இல்லை. மொத்த வருமானம் 120 மில்லியன், செலவு 121. தலைப்புச் செய்தியில் ‘1 மில்லியன் பற்றாக்குறை’ என்று வரும். உள்ளே பார்த்தால் மாணவர் கட்டணம் 14, நேரடி மானியம் 22, மறைமுக மானியம் 6, கட்டடக் கடனுக்கு 3. ஆக 45 போனால் சொந்த வருமானம் 75. நிஜ இடைவெளி 46 மில்லியன். பக்கத்து மாநிலப் பல்கலை மானியமே கொடுக்காமல் 20 மில்லியன் பற்றாக்குறையை அப்படியே காட்டியிருந்தால், செய்தித்தாளில் அதுதான் மோசமான துறையாகத் தெரியும். உண்மையில் பாதிக்கும் குறைவான ஓட்டைதான் அங்கே.

மதுரைக்காரன் சொன்ன யுசிஎல்ஏ எண்ணை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். பல நிர்வாகங்கள் மானியத்தைப் போட்டு ஆண்டுக் கடைசியில் வரவும் செலவும் சமம் என்று மூடிவிடும். யுசிஎல்ஏ-வில் இடைவெளி பற்றாக்குறையாகவே வெளியே தெரிகிறது, ஆண்டுக்கு ஆண்டு சேர்கிறது.

ஒஹாயோ ஸ்டேட் விஷயம் வேறு. 2022 ஃபுட்பால் சீசனில் (அமெரிக்க ஃபுட்பால், நம் கால்பந்து இல்லை) சொந்த மைதானத்தில் 8 ஆட்டம், 2023-ல் 6 ஆட்டம்தான். இரண்டு ஆட்டம் குறைந்தால் டிக்கெட், பார்க்கிங், உணவு விற்பனை எல்லாம் சேர்ந்து இறங்கும். செலவு இறங்காது. அந்தப் பற்றாக்குறையில் ஒரு பங்கு அட்டவணையால் வந்தது. ஒரு வருட எண்ணை வைத்து முடிவு கட்டாதீர்கள், நான்கு வருடமாவது வரிசையாகப் பாருங்கள்.

அமெரிக்கக் கல்வித் துறை இணையதளத்தில் கிடைக்கும் ஈஏடிஏ (விளையாட்டில் ஆண்-பெண் சமத்துவம் பற்றிய) அறிக்கையை இந்தக் கேள்விக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். அதில் பல பல்கலைகளின் வரவும் செலவும் ஒரு டாலர் பிசகாமல் ஒன்றாக இருக்கும். மானியத்தை வருமானமாகச் சேர்த்துச் சமன்படுத்துவதன் விளைவு அது. ஆண்-பெண் அணிகளின் எண்ணிக்கை, கோச் சம்பளச் சராசரி பார்க்க மட்டும் அது உதவும்.

#3 நெய்தல்

வரவுசெலவு சொன்னதோடு செலவுப் பக்கத்து வரி 20-ஐயும் சேர்க்கணும். ஸ்காலர்ஷிப் வரி. இரண்டு பல்கலையை ஒப்பிடும்போது அதிகமாக ஏமாற்றுவது இதுதான்.

ஸ்காலர்ஷிப் என்றால் விளையாட்டுத் துறை தன் பட்ஜெட்டிலிருந்து பல்கலைக்குக் கல்விக் கட்டணம் கட்டுகிறது. முழு விலையில். வெளிமாநில ஆட்டக்காரர் என்றால் வெளிமாநில விலையில். உதாரணத்துக்கு உள்மாநிலக் கட்டணம் 15,000 டாலர், வெளிமாநிலம் 45,000 என்று வையுங்கள். 150 பேர் வெளிமாநிலத்தவர் என்றால் வித்தியாசம் மட்டும் 4.5 மில்லியன். நிர்வாகம் ஒரு தீர்மானம் போட்டு ‘ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் உள்மாநில விலை’ என்று சொன்னால் அடுத்த நாளே பற்றாக்குறை 4.5 மில்லியன் குறையும். ஒரு டாலர்கூட வளாகத்துக்கு வெளியே போகவில்லை, உள்ளேயும் வரவில்லை.

அதே வகுப்பில் ஏற்கெனவே இருக்கை காலியாக இருந்தால் அந்த 150 பேருக்குப் பாடம் நடத்த ஆகும் கூடுதல் செலவு விலையைவிட மிகக் குறைவு. இடம் நிரம்பி வழியும் பல்கலையில் கதை வேறு. அங்கே ஒவ்வொரு இடமும் கட்டணம் கட்டும் இன்னொரு மாணவருடைய இடம். அதனால் கலிஃபோர்னியா பல்கலையின் பெர்க்லி வளாகத்து ஸ்காலர்ஷிப் செலவையும், சேர்க்கை குறைந்துவரும் ஒரு பிராந்தியப் பல்கலையின் செலவையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

எதிர்த்திசையிலும் மறைவு உண்டு. வரி 6 மறைமுக மானியம், செலவுப் பக்கத்தில் வரி 36. இரண்டும் ஒரே எண்ணாக ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். மின்சாரம், வளாகக் காவல், சட்டப் பிரிவு, மனிதவளம் இவற்றில் விளையாட்டுத் துறையின் பங்கு எவ்வளவு என்று பல்கலை மதிப்பிட்டுப் போடுவது. சில இடத்தில் அது பூஜ்யமாக இருக்கும். பூஜ்யம் என்றால் செலவே இல்லை என்று பொருள் இல்லை, யாரும் அளக்கவில்லை என்று பொருள்.

#4 மதுரைக்காரன்

அண்ணே, வரி 8 நன்கொடை பத்தியும் சொல்லுங்க. ‘100 மில்லியன் நன்கொடை வந்திருக்கு’ன்னு செய்தி வரும், அந்த வருஷ அறிக்கையில 25 மில்லியன்தான் இருக்கும். மீதி எங்கே?

#5 வரவுசெலவு

பெரும்பாலும் ஃபவுண்டேஷன் கணக்கில். அது பல்கலையிலிருந்து சட்டப்படி தனியான அமைப்பு. கட்டடத்துக்கு என்று வாக்களித்த பணம் ஐந்து, பத்து ஆண்டு தவணையில் வரும். வந்தாலும் கட்டடத்துக்குப் போகுமே தவிர ஆண்டுச் செலவுக்கு வராது. ஃபவுண்டேஷனிலிருந்து துறை அந்த ஆண்டு எடுத்துச் செலவழித்ததுதான் வரி 8-ல் விழும். அதனால் வரி 8 கையிருப்பைக் காட்டுவதில்லை, எடுத்ததைக் காட்டுகிறது. பற்றாக்குறை தெரிய வேண்டாம் என்று நினைக்கும் துறை, தேவையான அளவு மட்டும் எடுத்துச் சமன்படுத்தும்.

இருக்கை நன்கொடை பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். நல்ல இருக்கைக்கு டிக்கெட் வாங்கும் உரிமை வேண்டுமென்றால் முதலில் ஆண்டு நன்கொடை கட்டணும். 2017 வரை அந்தத் தொகையில் 80 சதவீதத்துக்கு வருமான வரிக் கழிவு இருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் வந்த வரிச் சட்டம் அதை முழுதாக எடுத்துவிட்டது. அதனால் 2017 கடைசி வாரங்களில் பல ரசிகர்கள் அடுத்த ஆண்டுகளுக்கும் சேர்த்து முன்பணம் கட்டினார்கள். 2018 நிதியாண்டு வரி 8 சில பல்கலைகளில் திடீரென்று எகிறி, அடுத்த ஆண்டு இறங்குவதற்கு இதுதான் காரணம். அணி சரியாக ஆடாததால் நன்கொடை விழுந்தது என்று அதைப் படித்தால் தவறு.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தையும் விடாதீர்கள். விளையாட்டு சார்ந்த மொத்தக் கடன், விளையாட்டுக்கென்றே உள்ள நிரந்தர நிதியின் மதிப்பு, அந்த ஆண்டின் மூலதனச் செலவு மூன்றும் அங்கே இருக்கும். வரி 34-ல் அந்த ஆண்டுத் தவணை மட்டும்தான் தெரியும்.

#6 பாலை

கடன் என்றால் படிக்க வேண்டியது பெர்க்லியின் மெமோரியல் ஸ்டேடியம்.

ஸ்டேடியத்துக்கு நேர் கீழே ஹேவர்ட் நிலப்பிளவு ஓடுகிறது. நிலநடுக்கப் பாதுகாப்புக்குப் புதுப்பித்தே ஆகவேண்டும், வேறு வழியில்லை. 2012-ல் வேலை முடிந்து திறந்தார்கள். ஸ்டேடியத்துக்கு 321 மில்லியன், பக்கத்தில் பயிற்சி மையத்துக்கு 150 மில்லியனுக்கு மேல். கடன்பத்திரம் மூலம் வாங்கியது ஏறக்குறைய 445 மில்லியன்.

திட்டம் என்னவென்றால், சிறந்த இருக்கைகளுக்கு 40-50 ஆண்டு உரிமையை ஒரே பெரிய விலைக்கு விற்று, அந்தப் பணத்தை நிரந்தர நிதியாக்கி, அதன் வருவாயில் கடனைக் கட்டுவது. தவணை முறையிலும் வாங்கலாம், இடையில் நிறுத்தவும் செய்யலாம். கோளாறு அங்கேதான். வாக்களித்த தொகையைக் கையில் வந்ததுபோல எண்ணித் திட்டம் போட்டாயிற்று. 2008 நெருக்கடிக்குப் பிறகு விற்பனை மந்தமானது, அணியும் சரிந்தது, தவணை கட்டியவர்கள் விலகினார்கள். கடனோ முதல் 20 ஆண்டு வட்டி மட்டும் கட்டும்படி அமைத்தது. வட்டியே ஆண்டுக்குச் சுமார் 18 மில்லியன். அசல் 2032-ல்தான் தொடங்கும். கடைசியில் நிலநடுக்கப் பாதுகாப்புக்கான பங்கு என்று பாதிக்கு மேற்பட்ட கடனைப் பல்கலை தன் தலையில் ஏற்றுக்கொண்டது.

வேறு ஏதாவது பல்கலை புது ஸ்டேடியம் அறிவித்தால் கேட்க வேண்டியவை: அசல் எந்த ஆண்டு தொடங்குகிறது, நன்கொடையில் கையெழுத்தானது எவ்வளவு, கையில் வந்தது எவ்வளவு, வருமானம் வராவிட்டால் எந்தக் கணக்கு பொறுப்பு. மாநிலப் பல்கலைகளில் கடைசிக் கேள்விக்கு விடை பெரும்பாலும் பல்கலையின் பொது வருவாய்தான்.

#7 கடைசிவரிசை

எல்லாரும் பெரிய இடத்தையே பேசுறீங்க. மாணவர் தலையில் நேராக விழுவது அடுத்த அடுக்கில்தான். டிவி பணம் குறைவான கான்ஃபரன்ஸ்களில் இருக்கும் மாநிலப் பல்கலைகளில் வரி 3 மாணவர் கட்டணமே பெரிய வருமானம். செமஸ்டர் பில்லில் ‘கட்டாயக் கட்டணம்’ என்ற தலைப்புக்குள் அடங்கிவிடும். ஆட்டமே பார்க்காத நர்சிங் மாணவியும் கட்டுவார், அதற்காகக் கல்விக் கடன் வாங்கியிருந்தால் வட்டியோடு கட்டுவார். இது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

இதற்குச் சட்டத்தில் உச்சவரம்பு போட்ட மாநிலம் வர்ஜீனியா. 2015-ல் வந்த சட்டப்படி, விளையாட்டுத் துறை வருமானத்தில் மாணவர் கட்டணமும் பல்கலை மானியமும் சேர்ந்து இவ்வளவுதான் இருக்கலாம் என்று சதவீதம் வைத்தார்கள். பெரிய கான்ஃபரன்ஸ் பல்கலைக்கு 20, மற்ற எஃப்பிஎஸ் (ஃபுட்பாலின் மேல் அடுக்கு) பல்கலைக்கு 55, எஃப்சிஎஸ் (அதற்கு அடுத்த அடுக்கு) பல்கலைக்கு 70, ஃபுட்பால் இல்லாத டிவிஷன் 1-க்கு 78. அடுக்கு மாறினால் வரம்பு 70-லிருந்து 55-க்கு இறங்கும். ஆனால் அடுக்கு ஏறும்போது செலவு கூடும். ஜேம்ஸ் மேடிசன் பல்கலை எஃப்பிஎஸ்-க்கு ஏறியபோது சந்தித்த முரண் இதுதான்.

இந்தப் பல்கலைகளின் இன்னொரு வருமானம் வரி 7, கேரண்டி. பெரிய அணியின் மைதானத்துக்குப் போய் ஆடுவதற்கு வாங்கும் தொகை. 2007-ல் அப்பலாச்சியன் ஸ்டேட்டுக்கு மிச்சிகன் 4 லட்சம் டாலர் கொடுத்தது. 2024-ல் நார்தர்ன் இல்லினாய்க்கு நோட்டர் டேம் 14 லட்சம். (இரண்டிலும் விருந்தாளிதான் ஜெயித்தது.) ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிப் படித்தால் ரத்து அபராதம், இலவச டிக்கெட் எண்ணிக்கை, பணம் தரும் தேதி எல்லாம் இருக்கும். பணம் சீசன் முடிந்த பிறகு வருவதே வழக்கம். ஆனால் விமானம், ஓட்டல் செலவு செப்டம்பரிலேயே போய்விடும். கையில் ரொக்கம் இல்லாத துறைக்கு இது நிஜமான தொல்லை.

#8 மதுரைக்காரன்

சரி, ஆட்டக்காரர் பங்கு? 20.5 மில்லியன்னு ஒரு எண் எல்லா இடத்திலும் வருது. அது எப்படி வந்தது, முழுசும் ரொக்கமா?

#9 பாலை

ஆட்டக்காரர்கள் பணம் கேட்டு என்சிஏஏ மீதும் கான்ஃபரன்ஸ்கள் மீதும் போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசம். நீதிபதி கிளாடியா வில்கன் 2025 ஜூன் 6-ல் ஒப்புதல் கொடுத்தார், ஜூலை 1 முதல் நடப்பு.

20.5 மில்லியன் என்பது 2025-26-க்கு ஒரு பல்கலை கொடுக்கக்கூடிய உச்சவரம்பு. கொடுத்தே ஆகவேண்டிய தொகை இல்லை. கணக்கு: பெரிய கான்ஃபரன்ஸ் பல்கலைகளின் அறிக்கையில் வருமானப் பக்கத்துச் சில வரிகளின் சராசரியில் 22 சதவீதம். எந்த வரிகள் என்பதுதான் முக்கியம். டிக்கெட், கேரண்டி, டிவி உரிமம், என்சிஏஏ பங்கு, கான்ஃபரன்ஸ் பங்கு, சீசன் முடிந்தபின் நடக்கும் பவுல் ஆட்ட வருமானம், ஸ்பான்சர்-லைசென்ஸ். வரி 8 நன்கொடை உள்ளே இல்லை. மாணவர் கட்டணமும் மானியமும் இல்லை. அதனால் மொத்த வருமானத்தில் 22 சதவீதம் ஆட்டக்காரர்களுக்குப் போகிறது என்று எழுதுவது தவறு, நிஜ விகிதம் அதைவிடக் குறைவு. வரம்பு ஆண்டுக்குச் சுமார் 4 சதவீதம் ஏறும், மூன்றாண்டுக்கு ஒருமுறை அடிப்படையையே மறுபடி கணக்கிடுவார்கள்.

முழுசும் ரொக்கம் இல்லை. புதிதாகச் சேர்க்கும் ஸ்காலர்ஷிப்பில் 2.5 மில்லியன் வரை வரம்புக்குள் எண்ணப்படும். 2021-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த ஆல்ஸ்டன் தீர்ப்புக்குப் பின் வந்த கல்விப் பரிசுத் தொகை (ஆளுக்கு ஆண்டுக்கு 5,980 டாலர் வரை) அதிலும் 2.5 மில்லியன் வரை எண்ணப்படும். இரண்டையும் முழுசாக எடுத்தால் ரொக்கம் 15.5 மில்லியன். ஆல்ஸ்டன் தொகையை நிறுத்திவிட்டு ஸ்காலர்ஷிப்பை மட்டும் எடுத்தால் 18.

பங்கிடும் விதம் சமரசத்தில் சொல்லப்படவில்லை. அதிகம் பேசப்படும் வாய்ப்பாடு ஃபுட்பால் 75, ஆண்கள் கூடைப்பந்து 15, பெண்கள் கூடைப்பந்து 5, மற்ற எல்லாம் 5 சதவீதம். 18 மில்லியனில் ஃபுட்பாலுக்கு 13.5. டைட்டில் 9 (கல்வியில் பால் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம்) இதற்குப் பொருந்துமா என்பது தீரவில்லை. பொருந்தும் என்ற பொருளில் 2025 ஜனவரியில் கல்வித் துறை விட்ட குறிப்பைப் பிப்ரவரியில் புதிய நிர்வாகம் விலக்கிக்கொண்டது. 75-15-5-5 என்று கொடுக்கும் ஒவ்வொரு பல்கலையும் ஒரு வழக்கை எதிர்பார்த்து ஒதுக்கீடு வைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஸ்காலர்ஷிப் எண்ணிக்கை வரம்பும் போய்விட்டது. ஃபுட்பாலில் முன்பு 85 ஸ்காலர்ஷிப், இப்போது அணியில் 105 பேர் வரம்பு, 105 பேருக்கும் கொடுக்கலாம். பேஸ்பாலில் முன்பு 11.7 ஸ்காலர்ஷிப்பைப் பலருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள், இப்போது 34 பேர் வரம்பு. 2.5 மில்லியனைத் தாண்டிய ஸ்காலர்ஷிப் செலவு உச்சவரம்பில் எண்ணப்படாது, ஆனால் பில் வரும். பல துறைகள் இந்தக் கூடுதலைத் திட்டத்தில் சரியாக வைக்கவில்லை. ஸ்காலர்ஷிப் இல்லாமல் அணியில் இருந்தவர்கள்தான் இந்த எண்ணிக்கை வரம்பால் இடம் இழந்தவர்கள். அப்படி நீக்கப்பட்டவர்களை வரம்பில் சேர்க்காமல் வைத்துக்கொள்ளப் பிறகு விலக்கு கொண்டுவந்தார்கள்.

வெளி நிறுவனங்கள் ஆட்டக்காரரோடு போடும் விளம்பர ஒப்பந்தம் இந்த வரம்புக்கு வெளியே. 600 டாலரும் அதற்கு மேலும் என்றால் ‘என்ஐஎல் கோ’ என்ற சரிபார்ப்பு அமைப்பில் பதிய வேண்டும்.

#10 நெய்தல்

பாலை விட்ட இன்னொரு பாதி: பழைய ஆட்டக்காரர்களுக்கான இழப்பீடு, சுமார் 2.8 பில்லியன், பத்தாண்டில். அதில் பெரும்பங்கை என்சிஏஏ தான் பல்கலைகளுக்குக் கொடுத்துவந்த ஆண்டுப் பங்கைக் குறைத்துத் திரட்டுகிறது. அதாவது வரி 12 சுருங்குகிறது. ஃபுட்பாலே இல்லாத, ஆட்டக்காரருக்கு ஒரு டாலரும் கொடுக்கத் திட்டமில்லாத டிவிஷன் 1 கல்லூரிக்கும் இந்தக் குறைப்பு உண்டு. அவர்களுக்கு என்சிஏஏ மார்ச் மாதம் நடத்தும் கூடைப்பந்துப் போட்டியின் பணம்தான் முக்கிய வரவு. ஒரு ஆட்டத்துக்கு ஒரு ‘யூனிட்’, ஆறு ஆண்டில் சுமார் 2 மில்லியன், அதையும் கான்ஃபரன்ஸ் உறுப்பினர்கள் பிரித்துக்கொள்வார்கள். சின்னக் கல்லூரிக்கு இந்தப் பக்கம் விழும் அடி வெளியே பேசப்படுவதே இல்லை.

#11 கடைசிவரிசை

20.5 மில்லியன் புதுச் செலவு என்று நிர்வாகங்கள் அழுவதைக் கேட்கும்போது வரி 26-ஐப் பாருங்கள். பணிநீக்க இழப்பீடு. 2023 நவம்பரில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் தன் ஃபுட்பால் கோச் ஜிம்போ ஃபிஷரை நீக்கியது. கொடுக்க வேண்டியது சுமார் 76 மில்லியன். 60 நாளுக்குள் 19 மில்லியன் சொச்சம், பிறகு 2031 வரை ஆண்டுக்கு 7.2 மில்லியன்.

தொகையைவிட ஒப்பந்த வாசகத்தைப் படிக்க வேண்டும். பொதுவாக இழப்பீட்டுப் பிரிவில் இரண்டு காப்பு இருக்கும். ஒன்று, நீக்கப்பட்டவர் வேறு வேலை தேட முயற்சி செய்ய வேண்டும். இரண்டு, புது வேலையில் வாங்கும் சம்பளம் இழப்பீட்டில் கழியும். ஃபிஷர் ஒப்பந்தத்தில் இரண்டுமே இல்லை. சம்பளம் முழுவதும் உத்தரவாதம். 2020 சீசன் நன்றாகப் போனதும், வேறு பல்கலை இழுத்துவிடும் என்ற பயத்தில், 2021-ல் ஒப்பந்தத்தை 2031 வரை நீட்டினார்கள். நீட்டும்போது உத்தரவாதமும் நீண்டது. ஆண்டுச் சம்பளத்தைப் பேரம் பேசுகிறவர்கள் உத்தரவாத சதவீதத்தையும் கழிவுப் பிரிவையும் பேரம் பேசாமல் விட்டதன் விலை அது.

#12 வரவுசெலவு

> ‘நன்கொடையாளர் கட்டுவார், பல்கலைக்கு என்ன நஷ்டம்’

இந்த வாதம் அடுத்து வரும் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன். இழப்பீட்டுக்குக் கொடுத்த பணத்தை அதே நன்கொடையாளர் ஆய்வகத்துக்குக் கொடுத்திருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன், பெரும்பாலும் கொடுத்திருக்க மாட்டார். ஆனால் அதே விளையாட்டுத் துறையின் நீச்சல் அணிக்கோ கடன் தவணைக்கோ கொடுத்திருக்கலாம். இழப்பு துறைக்குள்ளேயே விழுகிறது.

இந்தத் துறைகளுக்குப் பங்குதாரர் கிடையாது. மிச்சம் காட்டினால் பல்கலை கேட்கும், நன்கொடையாளர் கையை மூடுவார். அதனால் வருமானம் ஏற ஏறச் செலவும் ஏறும். 1984-ல் உச்ச நீதிமன்றம் ஃபுட்பால் ஒளிபரப்பில் என்சிஏஏ-வின் ஏகபோகத்தை உடைத்த பிறகு டிவி பணம் வெள்ளமாக வந்தது. ஆட்டக்காரருக்குக் கொடுக்கத் தடை இருந்ததால் அது கோச் சம்பளமாகவும் கட்டடமாகவும் துணை ஊழியர் எண்ணிக்கையாகவும் மாறியது. 20.5 மில்லியன் அங்கிருந்து வர வேண்டும். வருகிறதா, டிக்கெட் விலையிலும் மாணவர் கட்டணத்திலும் ஏறுகிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும். டென்னசி 2025 ஃபுட்பால் டிக்கெட்டில் 10 சதவீதம் ‘டேலண்ட் ஃபீ’ என்று வெளிப்படையாகவே சேர்த்தது.

#13 பாலை

மதுரைக்காரன் தொடக்கத்தில் சொன்ன ஒப்பீடு பாக்கி: யுசிஎல்ஏ-வுக்கு ஏன் பற்றாக்குறை, டெக்சாஸுக்கு ஏன் இல்லை.

டெக்சாஸ் தன் வளாகத்திலேயே ஒரு லட்சம் இருக்கை ஸ்டேடியம் வைத்திருக்கிறது. சூட், பார்க்கிங், விளம்பரப் பலகை எல்லாம் தன் கையில். யுசிஎல்ஏ ஃபுட்பால் ஆடும் ரோஸ் பவுல் பாசடீனா நகரத்துக்குச் சொந்தம், வளாகத்திலிருந்து 26 மைல். வாடகைக்காரருக்கு ஸ்டேடியத்தின் எல்லா வருமானமும் வராது, மாணவர் கூட்டமும் எளிதில் போய்ச் சேராது.

அடுத்து ஸ்பான்சர். 2016-ல் விளையாட்டு உடை நிறுவனமான அண்டர் ஆர்மரோடு 15 ஆண்டுக்கு 280 மில்லியன் ஒப்பந்தம். 2020-ல் நிறுவனம் விலகியது. வழக்கு 2022-ல் 67.5 மில்லியனுக்குச் சமரசம் ஆனது. ஆண்டுக்குச் சராசரி 19 மில்லியன் சுமாரை நம்பிப் போட்ட செலவுத் திட்டம் அப்படியே தொங்கியது. கோவிட் ஆண்டின் டிக்கெட் இழப்பும் அதே நேரத்தில்.

மூன்றாவது, பழைய பேக்-12 கான்ஃபரன்ஸின் டிவி பங்கு பிக் டென், எஸ்இசி என்ற பணக்காரக் கான்ஃபரன்ஸ்களின் பங்கைவிடக் குறைவு. அதனால்தான் 2024-ல் பிக் டென்னுக்கு மாறினார்கள். முழுப் பங்கு கிடைக்கிறது, உடன் வந்த ஆரிகனுக்கும் வாஷிங்டனுக்கும் பாதிப் பங்கு. ஆனால் நியூஜெர்சி, மேரிலாந்து வரை பயணம், பெரும்பாலான அணிகளுக்கும். கூடவே யுசிஎல்ஏ விலகியதால் பெர்க்லிக்கு நேர்ந்த இழப்புக்காக ஆண்டுக்கு 10 மில்லியன், மூன்று ஆண்டுக்குக் கொடுக்கும்படி இரண்டு வளாகத்தையும் ஆளும் குழுவான கலிஃபோர்னியா ரீஜெண்ட்ஸ் 2024-ல் தீர்மானம் போட்டார்கள்.

மாறுவது பற்றி ஒரு குறிப்பு. கான்ஃபரன்ஸ் மாற்றத்தில் விலகல் கட்டணம் ஒரு செலவு, டிவி உரிமையைக் கான்ஃபரன்ஸிடம் எழுதிக்கொடுத்திருப்பது இன்னொரு பூட்டு. ஃபுளோரிடா ஸ்டேட்டும் கிளெம்சனும் தங்கள் கான்ஃபரன்ஸான ஏசிசி-யோடு வழக்காடி 2025 மார்ச்சில் சமரசம் ஆனதில், விலகல் தொகை 2026-ல் 165 மில்லியனில் தொடங்கி ஆண்டுக்கு 18 மில்லியன் குறைந்து 75-ல் நிற்கும். எந்த ஆண்டு விலகினால் லாபம் என்று இப்போதே கணக்குப் போடலாம்.

#14 கடைசிவரிசை

மானியம் என்றாலே வீண் என்று இழை போகிறது. டிவிஷன் 3 தனியார் கல்லூரியைப் பார்த்தால் கணக்கு தலைகீழ். அங்கே விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது. அணி என்பது மாணவர் சேர்க்கைக் கருவி. 110 பேர் ஃபுட்பால் அணி, ஆளுக்குத் தள்ளுபடி போக நிகரக் கட்டணம் 15,000 என்று வைத்தால் 16.5 லட்சம் டாலர். கோச்கள், தலைக்கவசம், பஸ், காப்பீடு எல்லாம் போகவும் மிஞ்ச வாய்ப்புண்டு.

#15 நெய்தல்

வாய்ப்புண்டு, ஆனால் அந்த 16.5 லட்சத்தை மூன்று சல்லடையில் சலிக்கணும். அணி இல்லாவிட்டாலும் வந்திருக்கக்கூடியவர்களைக் கழியுங்கள். முதல் ஆண்டு முடிந்து விலகுபவர்களைக் கழியுங்கள். ஆட வாய்ப்பே கிடைக்காத நாற்பது ஐம்பது பேர் பட்டியலில் இருப்பார்கள், அவர்கள்தான் முதலில் போவார்கள். பிறகு 110 ஆண்கள் சேர்ந்ததால் டைட்டில் 9 சமநிலைக்குப் பெண்கள் அணி சேர்க்க வேண்டிவந்தால் அதன் செலவு. 110-ல் 25 பேர் எப்படியும் வந்திருப்பார்கள், 30 பேர் இரண்டாம் ஆண்டு இல்லை என்றால் மிஞ்சுவது 55 பேர், 8.25 லட்சம். கோச் சம்பளமும் புல்தரையும் கழித்தால் கிட்டத்தட்ட கைக்கும் வாய்க்கும் சரி. கல்லூரி நிர்வாகம் முதல் ஆண்டுச் சேர்க்கை எண்ணை மட்டும் காட்டினால், இரண்டாம் ஆண்டு எத்தனை பேர் திரும்பினார்கள் என்று கேளுங்கள்.

#16 மதுரைக்காரன்

இவ்வளவும் போதும் அண்ணே, நானே ஒரு பல்கலை அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பார்க்கப் போறேன். யாருக்கு எழுதணும்? வெளிமாநிலத்துல இருந்து கேட்கலாமா?

#17 வரவுசெலவு

முதலில் கல்லூரி விளையாட்டு நிதிக்கான நைட்-நியூஹவுஸ் தரவுத்தளத்தைப் பாருங்கள். அரசுப் பல்கலைகளின் எண்கள் இலவசமாக இருக்கும், பல ஆண்டுகளை வரிசையாகப் பார்க்கலாம். தனியார் பல்கலைகள் (நோட்டர் டேம், ஸ்டான்ஃபோர்ட், யுஎஸ்சி, டியூக்) இதில் வராது, கேட்டாலும் கொடுக்க வேண்டிய கட்டாயம் அவற்றுக்கு இல்லை.

முழு அறிக்கை வேண்டுமென்றால் பல்கலையின் பொது ஆவண அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போடுங்கள், விளையாட்டுத் துறைக்கு இல்லை. ‘விளையாட்டுத் துறையின் நிதி விவரம்’ என்று பொதுவாகக் கேட்டால் ஆண்டறிக்கைப் புத்தகத்தை அனுப்பி முடித்துவிடுவார்கள். மேலே சொன்ன இரண்டு ஆவணங்களின் பெயரையும் அப்படியே எழுதி, நிதியாண்டு முடியும் தேதியையும் (பெரும்பாலும் ஜூன் 30, இன்ன ஆண்டு) குறிப்பிடுங்கள். பிடிஎஃப் வடிவில் போதும் என்று சேர்த்தால் நகல் கட்டணம் பெரும்பாலும் கேட்க மாட்டார்கள். தலைமை கோச் ஒப்பந்தமும் கேரண்டி ஒப்பந்தங்களும் வேண்டுமென்றால் தனி மனுவாகப் போடுங்கள். ஒரே மனுவில் போட்டால் சட்டப் பிரிவு பார்த்து முடிக்கும்வரை எல்லாமே காத்திருக்கும்.

வெளிமாநிலம் பற்றி: வர்ஜீனியாவும் டென்னசியும் தங்கள் மாநிலத்தவர் மனுவை மட்டும் ஏற்கலாம். வர்ஜீனியாவின் அந்த விதியை 2013-ல் உச்ச நீதிமன்றமே சரி என்றது. அங்கே வசிக்கும் ஒருவர் பெயரில் கேட்க வேண்டியிருக்கும். கலிஃபோர்னியாவிலும் டெக்சாஸிலும் யாரும் கேட்கலாம்.

ஆட்டக்காரர் பங்கு முழு ஆண்டுக்கும் இடம்பெறும் முதல் அறிக்கை 2026 ஜூன் 30-ல் முடியும் நிதியாண்டினுடையது. என்சிஏஏ-வுக்கு 2027 ஜனவரி 15-க்குள் போகும். அதற்கு முந்தைய ஆண்டு அறிக்கையையும் சேர்த்தே கேளுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து முதலில் வரி 3, 4, பிறகு 8, பிறகு செலவில் 22 (கோச் சம்பளம்), 24 (துணை ஊழியர் சம்பளம்), 26 பாருங்கள். வந்ததும் இங்கே போடுங்கள், அடிக்குறிப்புகளை நான் படித்துச் சொல்கிறேன்.